கேட் வால்வு

நாகமலைப் புதுக்கோட்டையில்
தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில்
மூணேகால் சென்ட்.
முப்பத்தோரு வருசம் உசிலம்பட்டி வண்டியில்
விரலிடுக்கில் நோட்டை மடித்துச் செருகி
உள்ளே போ, உள்ளே போ என்று கத்திய தொண்டைக்குக்
கடைசியில் கொடுத்த பணம் அது.

கல் நட்ட மறுவருசம்
அனுமதியில்லாத மனை, பதிவு கிடையாது என்றார்கள்.
புரோக்கர் போனை எடுப்பதை நிறுத்தினான்.
இடம் என்னவோ அங்கேயேதான் கிடந்தது,
வேலிக்கருவை முளைத்து,
யாரோ கட்டிய ஆடு மேய்ந்து.
காகிதத்தில்தான் இல்லை.
பிறகு வரன்முறை வந்தது.
இருக்கிற இடத்தை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள
சதுர மீட்டருக்கு இவ்வளவு.
வரிசையில் நின்று கட்டினேன்.
என் சொந்த வண்டியில்
எனக்கே டிக்கெட் கிழித்த மாதிரி இருந்தது.

கீழே நாங்கள். மேலே அமல்தாஸ்.
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்க்கடையில்
பத்திரம் டைப் அடிக்கிற ஆள்.
பத்து மாச அட்வான்ஸ் கேட்டேன், ஐந்துக்கு இறங்கினேன்.
"ஒப்பந்தத்தைப் பதிஞ்சிருவோம்ணே.
பதியலைன்னா நாளைக்கு
நீங்கதான் கஷ்டப்படுவீங்க."
அட போய்யா என்றேன்.
பதினொரு மாசம், இருபது ரூபாய்ப் பத்திரம்,
ஒச்சம்மாள் சாட்சி.
ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதானே.

நாலு மாசமாக வாடகை இல்லை.
கடையில் வேலை இல்லை என்கிறார்.
இருக்கலாம்.
எனக்கு வீட்டுவரி இருக்கிறது,
பேங்க்காரன் இருக்கிறான்,
ஒச்சம்மாளின் முழங்கால் இருக்கிறது.
மேலே ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனால்
கதவைப் பாதி திறந்துகொண்டு சொல்கிறார்:
"முந்தின நாளே சொல்லிட்டு வரணும்ணே. சட்டம்."
என் சிமெண்டு. என் கம்பி.
நான் தண்ணீர் ஊற்றி ஆறவைத்த தளம்.

அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடிக்கு ஏறினேன்.
நாகமலை படுத்துக் கிடந்தது, கருப்பாக.
மேல் போர்ஷனுக்குப் போகிற கேட் வால்வைத்
துணி சுற்றிப் பிடித்து
இறுகும்வரை திருகினேன்.
இறங்கி வந்து கையைக் கழுவக் குழாயைத் திறந்தால்
காற்று வந்தது.
கொத்தனார் கணக்கு மிச்சம் பண்ண
இரண்டு வீட்டுக்கும் ஒரே பைப்பைப் போட்டிருக்கிறான்.
மிச்சம் பண்ணச் சொன்னது நான்.
திரும்ப ஏறினேன். திறந்தேன்.
தண்ணீரை நிறுத்துவது குற்றம் என்று
வக்கீல் மறுநாள்தான் சொன்னார்.

அவர் கொடுத்த குறிப்பை மனுவாக்க வேண்டும்.
எல்லாக் கடையிலும் கூட்டம்.
ஒரு மிஷின் மட்டும் சும்மா இருந்தது.
அதன் முன்னால் அமல்தாஸ்.

குறிப்பை வாங்கிப் படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை.
"ரெண்டாவது பாரா நிக்காதுண்ணே" என்றார்.
"ஒப்பந்தம் பதியலையே."
அதை எடுத்துவிட்டு வேறு மாதிரி அடித்தார்.
அவருடைய அப்பா பெயரில் எழுத்துப்பிழை இருந்தது,
திருத்திக்கொண்டார்.
பாக்கித் தொகையில் ஒரு மாசம் விட்டிருந்தேன்.
அதையும் சேர்த்தார்.

மனுதாரர்: கதவு எண் 4/118, கீழ்த்தளம்.
எதிர்மனுதாரர்: கதவு எண் 4/118, மேல்தளம்.

நூற்றைம்பது ஆச்சு, வாடகையில் கழிச்சுக்கங்க என்றார்.
சட்டைப்பையில் கைவிட்டு
பழக்கதோஷத்தில் சில்லறை தேடினேன்.
மனுவை மடிக்காமல் எடுத்துப் போகச் சொல்லி
ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்தார்.
கவருக்குக் காசு கேட்கவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது.
வண்டியை உதைத்தபடி
வீட்டுக்குத்தானே, ஏறுங்க என்றார்.

பின்னால் உட்கார்ந்தேன்.
காளவாசல் சிக்னலில் நின்றபோது
தூறல் விழுந்தது.
கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்,
அவர் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில்.